பட்டர்ஃபிளை பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: அந்தக் கடைசி அரை வீச்சு

போன வாரம் நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு 100 மீட்டர் பட்டர்ஃபிளை (இரண்டு கையையும் ஒன்றாக வீசி நீந்தும் முறை) வைத்து நேரம் எடுத்தேன். எட்டுப் பேரில் ஐந்து பேர், சுவருக்கு ஒரு பாகம் முன்பே கையை நீட்டிவிட்டு, தோணி கரை ஒதுங்குகிற மாதிரி மிதந்து வந்து தொட்டார்கள். பதினாறு வயதில் நான் செய்த அதே கூத்து. கரையில் நின்று கத்தினாலும் தண்ணீருக்குள் இருப்பவனுக்குக் கேட்காது, அதனால் எழுதுகிறேன்.

முழங்கால் அதிகம் மடங்குகிறது, இடுப்பு தொங்குகிறது, ஒற்றைக் கையால் தொட்டால் தகுதி நீக்கம், இதெல்லாம் உங்கள் கோச் முதல் மாதமே சொல்லியிருப்பார். விட்டுவிடுவோம்.

சுவருக்கு மிதந்து போவது

அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் என்றால் பிள்ளைகள் 28 ஒலிம்பிக் பதக்கம், அதில் 23 தங்கம் என்று ஒப்பிக்கிறார்கள். நான் அவர்களிடம் கேட்பது அவர் சுவரைத் தொட்டு முடித்த இரண்டு ஃபினிஷ்களைப் பற்றி.

முதலாவது, 2008 பெய்ஜிங், 100 மீட்டர் பட்டர்ஃபிளை. ஐம்பதில் திரும்பும்போது ஃபெல்ப்ஸ் ஏழாவது இடம். கடைசி மீட்டர்களிலும் செர்பியாவின் மிலொராட் சாவிச்தான் முன்னால். சுவர் நெருங்கியதும் சாவிச் கையை நீட்டி மிதந்தார், தலையும் மேலே வந்தது. ஃபெல்ப்ஸ், இடமே இல்லாத இடத்தில் அவசரமாக ஒரு அரை வீச்சு போட்டுச் சுவரை அறைந்தார். ஃபெல்ப்ஸ் 50.58 நொடி, சாவிச் 50.59. செர்பியா முறையிட்டது, படங்களைப் பார்த்த பிறகும் முடிவு மாறவில்லை. சுவரில் இருக்கும் டச்பேடை (தொட்டதும் கடிகாரத்தை நிறுத்தும் பலகை) விரல் நுனியால் தடவினால் கடிகாரம் நிற்காது, அழுத்த வேண்டும். இதே போட்டியில் 1988 சியோலில் அமெரிக்காவின் மாட் பியோண்டியும் இப்படித்தான் மிதந்து போய், சுரிநாமின் ஆண்டனி நெஸ்டியிடம் நொடியில் நூறில் ஒரு பங்கில் தங்கத்தை விட்டார்.

இரண்டாவது, 2012 லண்டன், 200 மீட்டர் பட்டர்ஃபிளை. இந்த முறை முன்னால் இருந்ததும் ஃபெல்ப்ஸ், மிதந்ததும் ஃபெல்ப்ஸ். தென்னாப்பிரிக்காவின் சாட் லெ க்ளோ 1:52.96, இவர் 1:53.01. பயிற்சியில் சோம்பலாகச் சுவரைத் தொட்ட பழக்கம்தான் அன்றைக்கு வந்து நின்றது என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். தவறு நடந்தது ஃபைனலில் இல்லை. யாரும் நேரம் எடுக்காத ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்.

என் கதை சின்னது. மாவட்டப் போட்டி, முதல் இரண்டு பேருக்குத்தான் அடுத்த கட்டம். நான் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தேன், கையை நீட்டினேன், சுவர் வரவே இல்லை. ஸ்டாப்வாட்ச் காலம் அது; நடுவர் என்னை மூன்றாவது என்று எழுதினார், சரியாகத்தான் எழுதினார். திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காபி ஆற்றிக்கொண்டே, "கடைசியில ஏன்டா படுத்துட்ட?" என்றார்.

என்ன செய்வது? கடைசி 5 மீட்டரில் லேன் கயிற்றின் (நீந்தும் பாதைகளைப் பிரிக்கும் மிதவைக் கயிறு) நிறம் மாறும். அங்கிருந்து சுவருக்கு உங்களுக்கு எத்தனை வீச்சு என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். களைத்துப்போன பிறகு எண்ணுங்கள். இறங்கியதும் எண்ணிய கணக்கு போட்டியில் உதவாது, களைப்பில் வீச்சு குட்டையாகிவிடும். தரையில் இருக்கும் கறுப்புக் கோடு சுவருக்கு 2 மீட்டர் முன்னால் ஒரு குறுக்குக் கோட்டோடு முடியும். அதைப் பார்த்த பிறகு யோசித்தால் நேரமில்லை. மீதி ஒரு சாண்தான் என்றால் தலையைத் தாழ்த்தி, கையை நீட்டி, கிக் அடித்துப் போங்கள். அதைவிட அதிகம் என்றால், அசிங்கமாக இருந்தாலும் ஒரு குட்டை வீச்சு. பெய்ஜிங்கில் அதைப் போட்ட கணம் தோற்றுவிட்டோம் என்றே ஃபெல்ப்ஸ் நினைத்தாராம்.

லண்டனில் விட்ட 200 மீட்டர் தங்கத்தை ஃபெல்ப்ஸ் 2016 ரியோவில், 31 வயதில் மீட்டார். இரண்டாவது வந்த ஜப்பானின் மசாட்டோ சகாயைவிட 0.04 நொடி முன்னால்.

லேன் கயிற்றை உரசிப் போவது

பெய்ஜிங்கின் 4×100 ஃப்ரீஸ்டைல் தொடர் போட்டியில் பிரான்ஸின் அலன் பெர்னார் முன்னிலையில் இருந்துகொண்டே அமெரிக்காவின் ஜேசன் லெசாக் பக்கத்துக் கயிற்றை ஒட்டி நீந்தினார். லெசாக் அந்த அலையில் தொற்றிக்கொண்டு வந்து 0.08 நொடியில் முந்தினார். நடுவில் நீந்துங்கள்.

கடைசி 5 மீட்டரில் மூச்சு

எடுக்காதீர்கள்.

ஃபெல்ப்ஸ் சாப்பாடு

ஒரு நாளைக்கு 12,000 கலோரி என்ற கதையை அவரே மறுத்துவிட்டார். மூன்றாவது பரோட்டாவைக் கீழே வை தம்பி.

கண்ணை மட்டும் நம்புவது

2008-இல் 200 பட்டர்ஃபிளை ஃபைனலில் ஃபெல்ப்ஸின் நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் நிறைந்து, கடைசியில் சுவரே தெரியவில்லை. வீச்சை எண்ணிக்கொண்டே போய் 1:52.03, உலக சாதனை. இதைப் படித்ததிலிருந்து சனிக்கிழமைகளில் பிள்ளைகளின் கண்ணாடிக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டு 50 மீட்டர் போகச் சொல்கிறேன். "கண்ணாடி ஒழுகுது சார், புதுசு வாங்கட்டுமா?" என்று ஒரு அம்மா கவலையோடு கேட்டார். வேண்டாம்மா, நான்தான் ஊற்றினேன் என்றேன். அந்தப் பையன் அன்று சுவரில் மோதாமல், மிதக்காமல், இரண்டு கையாலும் அறைந்து தொட்டான். திங்கட்கிழமை மறுபடி மிதந்தான்.