முட்டை, விதைநெல், ஒரு நாலணாக் காசு: அடர்த்திப் பாடத்தைச் செய்துகாட்டுவது எப்படி?

பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதம்தான் காவிரி டெல்டாவில் குறுவை நெல்லுக்கு நாற்றங்கால் விடும் மாதமும். ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறப்பார்களா என்ற பேச்சு டீக்கடைகளில் ஓடிக்கொண்டிருக்கும்போதே சில வீடுகளில் விதைநெல்லை உப்புத் தண்ணீரில் கொட்டி, மிதப்பதை அரித்தெடுத்துவிட்டு, அடியில் தங்கியதை மட்டும் முளைகட்டுவார்கள். அந்த அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த பிள்ளைதான் மறுநாள் வகுப்பில் "அடர்த்தி என்பது ஓரலகு கன அளவில் உள்ள நிறை" என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறது. இரண்டும் ஒரே விஷயம் என்று அதற்கு யாரும் சொன்னதில்லை. அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

இந்த ஆண்டு புதிதாக அறிவியல் எடுக்கும் ஆசிரியர்களுக்காக, நான் வகுப்பில் செய்கிற முறையை அப்படியே எழுதுகிறேன். இரண்டு பாடவேளை போதும்.

முதல் நாளே சேர்த்து வைக்க வேண்டியவை

வாய் அகலமான இரண்டு கண்ணாடி ஜாடிகள் (இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டினாலும் சரி), இரண்டு முட்டைகள், அரைக் கிலோ கல் உப்பு, இரண்டு கைப்பிடி நெல், டீ வடிகட்டி, ஒரு சமையலறைத் தராசு, 100 மி.லி. அளவுசாடி, பழைய சாக்குத் துண்டு. கூடவே ஒரு பழைய 25 பைசா நாணயம், அதாவது நாலணா. 2011 ஜூன் மாதத்தோடு அது செல்லாமல் போய்விட்டது. பாட்டிமார்களின் சுருக்குப்பையில் கேட்டுப்பாருங்கள்.

நெல்லில் கவனம் தேவை. கடையில் பையில் வரும் விதையில் மருந்து கலந்திருக்கும், அது வேண்டாம். தெரிந்த விவசாயியிடம் தூற்றாத நெல்லாகக் கேட்டு வாங்குங்கள். பதரும் (உள்ளே அரிசி இல்லாத நெல்) கருக்காயும் (அரைகுறையாக விளைந்த நெல்) கலந்திருந்தால்தான் நமக்கு வேலை நடக்கும். போன பட்டத்து நெல்லாக இருப்பது நல்லது. அறுத்த கையோடு வாங்கிய நெல் உறக்கத்தில் இருக்கும். கடைசிப் படியில் முளைக்காமல் ஏமாற்றும்.

முட்டை புதிதாக இருக்க வேண்டும். நான் முதல் முறை செய்தபோது வீட்டில் பல நாள் கிடந்த முட்டையை எடுத்துப் போய்விட்டேன். வெறும் தண்ணீரிலேயே மிதந்தது. நாளாக ஆக முட்டைக்குள் இருக்கும் ஈரம் ஓட்டின் நுண்துளைகள் வழியே வெளியேறி, காற்றறை பெரிதாகிவிடும்; அதனால்தான் மிதக்கிறது. அன்று நாற்பது பிள்ளைகள் முன் பாடம் நின்றுபோனது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

படி 1: கட்சி பிரிக்கும் விளையாட்டு

தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். ஜன்னல் பக்கம் "மிதக்கும்" கட்சி, கதவுப் பக்கம் "மூழ்கும்" கட்சி. ஒரு பொருளைத் தூக்கிக் காட்டுங்கள். பிள்ளைகள் தாங்கள் நினைக்கும் பக்கம் போய் நிற்கட்டும். ஒவ்வொரு கட்சியிலும் ஒருவர் காரணம் சொல்ல வேண்டும். காரணத்தைக் கேட்டு மனம் மாறியவர்கள் பக்கம் மாறலாம். அதன் பிறகே பொருளைத் தண்ணீரில் போட வேண்டும்.

சரியாகச் சொன்னதற்கு ஒரு புள்ளி. நல்ல காரணத்துக்கு இரண்டு. இந்தக் கணக்கை மாற்றாதீர்கள். விடைக்கு மட்டும் புள்ளி கொடுத்தால், முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளை நிற்கும் பக்கமே வகுப்பு முழுவதும் ஓடிவிடும்.

புளியங்கொட்டை, கத்தரிக்காய், ஓர் இரும்பு ஆணி, வாழைத்தண்டு ஆகியவற்றோடு தொடங்குங்கள். தஞ்சாவூரில் பெரிய கோயில் மாதிரிகள் செதுக்கும் நெட்டி என்ற லேசான நீர்ச்செடித் தண்டில் ஒரு துண்டு கிடைத்தால் விடவே விடாதீர்கள். உள்ளங்கை அளவு நெட்டி மிதக்க, நகத்தளவு ஆணி மூழ்கும்போது "பெரியது மூழ்கும்" என்ற எண்ணம் அங்கேயே உடைந்துவிடும். பிறகு தோலோடு ஓர் ஆரஞ்சைப் போடுங்கள், மிதக்கும். அதையே உரித்துப் போட்டால் மூழ்கும். எடை குறைந்த பிறகு மூழ்கியது ஏன் என்று கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் அடுத்த படிக்குப் போங்கள்.

படி 2: வெறும் தண்ணீர்

இரண்டு ஜாடியிலும் ஒரு லிட்டர் தண்ணீர். ஒவ்வொன்றிலும் ஒரு முட்டை. இரண்டும் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். முதல் ஜாடியின் முட்டையை எடுத்துவிட்டு ஒரு கைப்பிடி நெல்லைப் போடுங்கள். உலர்ந்த நெல்லின் சொரசொரப்பான உமியில் காற்றுக் குமிழ்கள் ஒட்டிக்கொண்டு நல்ல நெல்லும் மேலே நிற்கும். கையை விட்டு நன்றாகக் கலக்கிவிட்டு இரண்டு நிமிடம் பொறுங்கள். இப்போது மிதப்பது பதர் மட்டுமே. அதை வடிகட்டியால் அள்ளித் தனியே வையுங்கள்.

படி 3: உப்பும் நாலணாவும்

இரண்டாவது ஜாடியில் முட்டை கிடக்கும்போதே கல் உப்பைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்க வேண்டும். உப்பு முழுதும் கரையும்வரை அடுத்த பிடி போடக் கூடாது. வயலில் 10 லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரைக் கிலோ உப்பு என்பது கணக்கு. நம் ஒரு லிட்டருக்குச் சுமார் 150 கிராம். ஆனால் அளவைச் சொல்வது முட்டைதான். அது முதலில் அடியில் லேசாக அசையும், பிறகு ஒரு முனை எழும்பும், பிறகு மெல்ல மேலே வரும். தண்ணீருக்கு வெளியே தெரியும் ஓட்டின் வட்டம் நாலணா அளவு வந்ததும் நிறுத்துங்கள். நாணயத்தை ஒரு பிள்ளையிடம் கொடுத்து முட்டைக்கு மேலே பிடித்து ஒப்பிடச் சொல்லுங்கள். வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும்.

முட்டை மாறவில்லை, தண்ணீர்தான் மாறியது. இந்த ஒரு வரியைப் பிள்ளைகளே சொல்லும்வரை காத்திருங்கள். நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம். சொன்ன பிறகு கரும்பலகையில் எழுதலாம்: முட்டை தன் கன அளவுக்குத் தண்ணீரை ஒதுக்குகிறது, ஒதுக்கப்பட்ட தண்ணீரின் எடைதான் முட்டையை மேலே தள்ளும் விசை, உப்பு சேர்ந்தால் அதே கன அளவுத் தண்ணீர் கூடுதல் எடை.

படி 4: அதே நெல், வேறு தண்ணீர்

முட்டையை எடுத்துவிட்டு, முதல் ஜாடியில் மூழ்கிய நெல்லை இதில் கொட்டிக் கலக்குங்கள். அங்கே மூழ்கிய நெல்லில் கொஞ்சம் இங்கே மேலே வரும். அதுதான் கருக்காய். மிதந்ததில் ஒன்று, மூழ்கியதில் ஒன்று எடுத்து நகத்தால் உமியை உரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூழ்கிய நெல்லில் அரிசி உமியை அடைத்துக்கொண்டு முழுதாக இருக்கும். மிதந்ததில் ஒடுங்கிய, பச்சை படர்ந்த அரை அரிசியும் மீதிக்குக் காற்றும் இருக்கும். வெளியே இரண்டும் ஒரே அளவு, உள்ளே வேறு வேறு நிறை. வரையறை சொன்னது இதைத்தான். தோலுக்குள் காற்றை வைத்திருந்த ஆரஞ்சின் கதையும் பிள்ளைகளுக்கு இங்கேதான் பிடிபடும்.

படி 5: எடை போடுதல்

காலி அளவுசாடியைத் தராசில் வைத்துச் சுழியாக்கிவிட்டு, 100 மி.லி. வெறும் தண்ணீரை நிறுங்கள்: 100 கிராம். அதே அளவு உப்புக் கரைசல் சுமார் 109 கிராம் காட்டும். உப்பில் ஈரம் இருந்திருந்தால் சற்றுக் குறையும். வகுத்துப் பார்ப்பது பிள்ளைகளின் வேலை.

படி 6: முளைகட்டுதல்

உப்புத் தண்ணீரில் மூழ்கியதில் 20, மிதந்த கருக்காயில் 20 எண்ணி எடுங்கள். இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலச வேண்டும்; உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெடும். ஒரு நாள் ஊறவைத்து, தண்ணீரை வடித்து, ஈரச் சாக்கில் தனித்தனியே மடித்து வையுங்கள். தினமும் ஒரு குழு தண்ணீர் தெளித்து, முளைத்ததை எண்ணி எழுதட்டும். இருபதில் எத்தனை என்று வந்தால் சதவீதக் கணக்கும் உடன் வந்துவிடும். எண்ணிக்கை நீங்கள் நினைத்தபடி வராவிட்டாலும் திருத்தாமல் எழுத விடுங்கள்.

மீந்த உப்புத் தண்ணீரைச் செடிப் பக்கம் ஊற்றக் கூடாது. அரித்தெடுத்த பதரையும் கருக்காயையும் அலசிக் கோழிக்குப் போடலாம். முளைத்த நெல்லை ஒரு மண் தொட்டியில் சேறு குழைத்துத் தூவி வையுங்கள். மூன்று வாரத்தில் நாற்றாகி நிற்கும். ஒளிச்சேர்க்கைப் பாடத்துக்கு இலை தேடி அலைய வேண்டியதில்லை.