லேஸ் பின்னலா? பென்சிலை எடுங்கள், ஊசி அப்புறம்

கூட்டுறவு வங்கியில் பேரேடு எழுதியே என் காலம் போனது. ஓய்வுக்குப் பின், குன்னூரில் என் வீட்டுக்கு வரும் பெண்களுக்கு ஊசிப் பின்னல் சொல்லித் தருகிறேன். நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைப் பின்னல்களும் கை பழகி, ஒரு மஃப்ளரை முடித்தவுடன் எல்லோருக்கும் ஓட்டை ஓட்டையாக டிசைன் விழும் லேஸ் சால்வை மேல்தான் ஆசை வரும். பேட்டர்ன் தாளைக் கையில் கொடுத்தால் முகம் மாறிவிடும். நாலு வரிசை போட்டதும், "ஆன்ட்டி, புக்ல தப்பா போட்டிருக்காங்க" என்பார்கள். அச்சுப் பிழை இருக்கலாம்தான். ஆனால் பெரும்பாலும் விட்டுப்போனது ஒரு ஒய்ஓதான், அதாவது ஒரு நூல் சுற்று.

லேஸில் நடப்பது வரவும் செலவும். ஒய்ஓ என்று இருந்தால் நூலை ஊசிமேல் ஒரு சுற்றுப் போட வேண்டும்: ஓட்டை விழும், ஒரு கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் சுருக்கு) கூடும். கே2டாக் என்றால் இரண்டு கண்ணிகளைச் சேர்த்து நிட் போட வேண்டும்: ஒன்று குறையும், வலப்பக்கம் சாயும். எஸ்எஸ்கே (இரண்டு கண்ணிகளை ஒவ்வொன்றாக நழுவவிட்டுச் சேர்த்து நிட் போடுவது) என்பதிலும் ஒன்றுதான் குறையும், ஆனால் இடப்பக்கம் சாயும். கூடியதும் குறைந்ததும் சமமானால் வரிசை சரி. ஊசியைத் தொடுமுன் ஒவ்வொரு வரிசைக்கும் இந்தக் கணக்கைத் தாளின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். சில பேட்டர்ன்களில் வேண்டுமென்றே எண்ணிக்கை மாறும். நல்ல பேட்டர்னாக இருந்தால் அந்த வரிசை முடிவிலேயே எத்தனை கண்ணி என்று போட்டிருப்பார்கள்.

ஆரம்பிக்க நான் கொடுப்பது ஓல்ட் ஷேல். ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லண்ட் தீவுகளின் பழைய டிசைன். பல புத்தகங்களில் ஃபெதர் அண்ட் ஃபேன் என்ற பெயரில் இதையே போட்டிருப்பார்கள். கல்யாண மோதிரத்துக்குள் நுழைந்து வெளியே வரும் அளவுக்கு மெல்லிய சால்வை பின்னிய ஊர்க்காரர்கள் அவர்கள். நமக்கு இப்போதைக்கு அவ்வளவு மெல்லிய நூல் வேண்டாம். வெளிர் நிறத்தில், முறுக்கு நன்றாகத் தெரியும் வழுவழுப்பான டிகே (நடுத்தரத் தடிமன்) கம்பளி போதும். கறுப்பும் வேண்டாம், மொஹேர் என்ற மயிர் மயிரான நூலும் வேண்டாம். கண்ணியே தெரியாது, பிரிக்கவும் முடியாது. ஊசி 4 மி.மீ. நம் கடைகளில் பழைய பிரிட்டிஷ் கணக்கில் அது 8 நம்பர். அமெரிக்கப் பேட்டர்னில் 8 என்று இருந்தால் அது 5 மி.மீ. ஆகையால் நம்பரை விட்டுவிட்டு மி.மீ. பார்த்து வாங்குங்கள்.

42 கண்ணி ஏற்றுங்கள். இரு ஓரத்திலும் 3 கண்ணி எப்போதும் நிட். நடுவில் 18, 18 என்று இரண்டு பாகம். பாகங்களின் எல்லையில் வேறு நிற நூலை வளையமாக முடிந்து ஊசியில் மாட்டிக்கொள்ளுங்கள், மொத்தம் 3 வளையம். இந்த டிசைனில் பாகம் கே2டாக்கில் தொடங்கி கே2டாக்கிலேயே முடிவதால் வளையம் இடம் மாறாது.

முதல் வரிசை முழுக்க நிட். இரண்டாவதில் ஓரம் நிட், நடுவில் பர்ல். மூன்றாவது வரிசை தாளில் இப்படி இருக்கும் (கே3 என்றால் 3 கண்ணி நிட்): கே3, *கே2டாக் 3 முறை, (ஒய்ஓ, கே1) 6 முறை, கே2டாக் 3 முறை*, * முதல் மேலும் 1 முறை, கே3. நான்காவது வரிசை மறுபடி முழுக்க நிட். இந்த நான்கையும் திரும்பத் திரும்பப் போட வேண்டியதுதான்.

மூன்றாவது வரிசைக்குக் கணக்குப் பாருங்கள். ஒரு பாகத்தில் 6 கே2டாக், 6 செலவு. ஒய்ஓ 6, அது வரவு. 18 போய் 18 வருகிறது. நட்சத்திரக் குறிகளுக்கு நடுவில் இருப்பதுதான் திரும்ப வரும் பகுதி. "மேலும் 1 முறை" என்றால் மொத்தம் 2. இந்த "மேலும்" என்பதைக் கவனிக்காமல் விட்டால் சால்வையே கோணலாகிவிடும்.

இரண்டு நிட்டுக்கு நடுவில் ஒய்ஓ வந்தால், ஊசிகளுக்கு இடையே நூலை முன்னால் கொண்டுவந்து அப்படியே அடுத்த நிட்டைப் போடுங்கள். அடுத்தது பர்ல் என்றால் நூல் ஊசியை முழுதாகச் சுற்றி மறுபடி முன்னால் வர வேண்டும். பிரிட்டிஷ் தாள்களில் இவற்றுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு: ஒய்எஃப்டபிள்யூடி, ஒய்ஆர்என். அமெரிக்கர்கள் எல்லாவற்றையும் ஒய்ஓவில் அடக்கிவிடுவார்கள்.

நான்காவது வரிசை போடும்போதே, வளையத்துக்கு வளையம் 18 வருகிறதா என்று எண்ணுங்கள். 42-ஐ மொத்தமாக எண்ணினால் எந்தப் பாகத்தில் குறைகிறது என்று தெரியாது. 17 வந்தால், எங்கே ஓட்டை விழவில்லை என்று பாருங்கள். அந்த இடத்துக்கு வந்ததும், இரண்டு கண்ணிக்கு நடுவே குறுக்காக ஓடும் நூலை இடது ஊசியால் முன்னிருந்து பின்னாகத் தூக்கி, அதன் முன்காலில் (ஊசிக்கு முன்னால் இருக்கும் பாதியில்) நிட் போடுங்கள். பின்காலில் போட்டால் முறுக்கிக்கொண்டு ஓட்டை அடைபட்டுவிடும். ஓட்டை கொஞ்சம் சின்னதாகத் தெரியும். நனைத்து இழுத்துக் காயவைத்தால் யாருக்கும் தெரியாது.

அதைவிடப் பெரிய குளறுபடிக்கு லைஃப்லைன், அதாவது காப்பு நூல். நான்காவது வரிசை முடிந்ததும், மொண்ணை ஊசியில் வழுவழுப்பான பருத்தி நூலைக் கோத்து, பின்னல் ஊசியில் இருக்கும் எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் ஓட்டிவிடுங்கள். வளையங்களுக்குள் மட்டும் போகக் கூடாது. பிறகு எங்கே தப்பினாலும் ஊசியை உருவி, அந்த நூல் வரை பிரித்து, கண்ணிகளை மறுபடி ஊசியில் ஏற்றிக்கொள்ளலாம். எட்டு வரிசைக்கு ஒன்று போட்டால் போதும். பழகியவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

சில பேட்டர்னில் எழுத்துக்குப் பதில் கட்டம் இருக்கும். கீழிருந்து மேலே போக வேண்டும். முன்பக்க வரிசையை வலமிருந்து இடமாக, பின்பக்க வரிசையை இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். கட்டம் காட்டுவது முன்பக்கத் தோற்றம் என்பதால், வெற்றுக் கட்டம் முன்பக்கம் நிட், பின்பக்கம் பர்ல். சாம்பல் நிறக் கட்டம் கண்ணியே இல்லாத இடம், தாண்டிப் போங்கள். ஸ்கேலைப் போடும் வரிசைக்கு மேலே வையுங்கள், கீழே வேண்டாம். முடித்த வரிசைகள் கண்ணில் பட்டால்தான், இப்போது போடும் ஓட்டை முந்தைய ஓட்டைக்கு நேராக விழுகிறதா என்று பார்க்க முடியும்.

முடித்தபின் கசங்கிய துணி மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, துண்டில் சுருட்டி அழுத்தி, மெத்தைமேல் விரித்து ஒவ்வொரு அலையின் நுனியையும் துருப்பிடிக்காத குண்டூசியால் இழுத்துக் குத்துங்கள். முழுக்கக் காய்ந்த பிறகே எடுக்க வேண்டும்; எங்கள் ஊர் பனியில் இரண்டு நாள் கூட ஆகும். இந்த வேலை கம்பளியில்தான் நன்றாக நிற்கும், அக்ரிலிக் பழையபடி சுருங்கிவிடும்.

அடுத்த டிசைன் எடுக்கும்போது, பின்பக்க வரிசை வெறும் பர்லாக இருப்பதாகப் பார்த்து எடுங்கள். இரண்டு பக்கமும் ஓட்டை விழும் டிசைன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.