ஒராங்குட்டான் குட்டிகளுக்குத் தொண்டு செய்யச் செல்வோர் கவனத்திற்கு

போர்னியோ தீவில், மலேசியாவின் சபா மாநிலத்தில் 1964 முதல் இயங்கிவரும் செபிலோக், இந்தோனேசியாவின் மத்திய கலிமந்தானில் உள்ள நியாரு மெந்தெங் போன்ற மறுவாழ்வு மையங்கள், தாயை இழந்த ஒராங்குட்டான் குட்டிகளைக் காட்டு வாழ்க்கைக்குத் தயார்செய்கின்றன. இத்தகைய மையம் ஒன்றில் தன்னார்வலராகச் சேர விரும்புவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "குட்டியைத் தூக்கிக் கொஞ்ச அனுமதிப்பீர்களா?" என்பதே, "ஆம்" என்று பதில் வந்தால் அந்த இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். சளி, காசநோய் முதலியவை மனிதரிடமிருந்து அவற்றுக்குத் தொற்றக்கூடும் என்பதோடு, காட்டில் ஏழெட்டு ஆண்டுகள் தாயுடனேயே இருந்து உணவு தேடவும் மரக்கிளையில் கூடு கட்டவும் பழக வேண்டிய குட்டி, வந்துபோகும் அந்நியர்களிடம் ஒட்டிக்கொண்டால், பின்னர் அதைக் காட்டில் விடுவது மிகவும் கடினம்.

ஆகவே பழம் நறுக்குவது, கூண்டு கழுவுவது, பழைய தீயணைப்புக் குழாய்களைப் பின்னி ஊஞ்சல் செய்வது, மூங்கில் குழலுக்குள் உணவை ஒளித்து அதன் வாயை இலைகளால் இறுக அடைப்பது போன்ற வேலைகளுக்கே மனத்தைத் தயார்செய்துகொள்ளுங்கள். அந்த மூங்கிலைக் குட்டி விரலாலும் குச்சியாலும் பொறுமையாகக் குடைந்து திறக்கும்போதுதான் காட்டில் உணவு தேடும் பாடம் அதற்குக் கிடைக்கிறது என்பதால், இதைச் சின்ன வேலை என்று எண்ண வேண்டாம்.

எந்தெந்தத் தடுப்பூசிச் சான்றுகளும் காசநோய்ப் பரிசோதனையும் தேவை, தன்னார்வப் பணிக்கு எந்த விசா செல்லும் என்பவற்றை மையத்திடமே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். புறப்படும் நேரத்தில் லேசான சளி இருந்தாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.