இடைக்கால மேலாளரை நிரந்தரமாக்கலாமா? ரசிகர்கள் எடைபோட ஒரு வழிகாட்டி

கால்பந்து கிளப் ஒன்றில் மேலாளர் நீக்கப்பட்டு, சீசன் முடியும் வரைக்கும் என்று வேறொருவர் அமர்த்தப்பட்டு, அவர் வந்த சில வாரங்களிலேயே அணி தொடர்ந்து வெல்லத் தொடங்கிவிட்டால், ரசிகர்கள் கூடும் இடமெல்லாம் ஒரே கேள்விதான்: இவரையே வைத்துக்கொள்ளலாமா? இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் கடைசியாகப் பார்த்த ஆட்டத்தின் முடிவே பதிலாகிவிடுகிறது. கிளப்பின் அடுத்த மூன்று ஆண்டுகளைத் தீர்மானிக்கும் விஷயத்தை அப்படி விடுவது சரியில்லை. ஒரு ரசிகர் இதை எப்படிப் படிப்படியாக எடைபோடலாம் என்பதை, நன்கு பதிவான ஒரு நிகழ்வை முன்வைத்துச் சொல்ல விரும்புகிறேன். 2018 டிசம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் கிளப்புக்கு இடைக்கால மேலாளராக வந்த ஓலே குன்னர் சோல்ஷேரின் நிகழ்வு அது.

முதலில் கேள்வியைச் சரியாக வகுத்துக்கொள்ளுங்கள். இடைக்கால மேலாளரின் வேலையும் நிரந்தர மேலாளரின் வேலையும் வேறுவேறு. முன்னவர், மனம் சோர்ந்த வீரர்களைத் தேற்றி, இருக்கும் அணியை வைத்துக்கொண்டு, அடுத்த ஆட்டத்தை வென்றால் போதும். வீரர்களை வாங்குவதோ விற்பதோ பெரும்பாலும் அவர் பொறுப்பில் இருக்காது. ஜூலை மாத ஆயத்தப் பயிற்சி கிடையாது. தோற்றாலும் பழி முந்தையவர் மேல் போய்விடும். நிரந்தர மேலாளரோ தனக்குப் பிடித்த வீரரையே வெளியே அனுப்ப வேண்டியிருக்கும், வாரத்துக்கு இரண்டு ஆட்டங்கள் வீதம் பத்து மாதங்களுக்கு வீரர்களின் உடல்திறனைக் காக்க வேண்டியிருக்கும், எதிரணிகள் தன் ஆட்டமுறையைப் படித்துவிட்ட பிறகும் வழி கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். ஆகவே ‘இவர் நன்றாகச் செய்தாரா’ என்று கேட்பதைவிட, ‘இவர் இதுவரை செய்யாத அந்த வேலையைச் செய்வார் என்று நம்ப என்ன சான்று இருக்கிறது’ என்று கேட்பதே பயன் தரும்.

அடுத்து, முந்தைய மேலாளர் நீக்கப்பட்ட நாளில் அணி எங்கே இருந்தது, எங்கே இருந்திருக்க வேண்டும் என்ற இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். 2018 டிசம்பர் 18 அன்று ஜோசே மொரீனியோ நீக்கப்பட்டபோது யுனைடெட் 17 ஆட்டங்களில் 26 புள்ளிகளுடன் ஆறாவது இடத்தில் இருந்தது. முதலிடத்தில் இருந்த லிவர்பூல் 19 புள்ளிகள் முன்னே போயிருந்தது. ஆனால் அதே மொரீனியோவின் கீழ், ஏறத்தாழ அதே வீரர்கள், முந்தைய சீசனில் 81 புள்ளிகள் எடுத்து இரண்டாமிடம் பிடித்தவர்கள். அப்படியானால் அந்த டிசம்பரில் அணி தன் உண்மையான தரத்துக்குக் கீழே கிடந்தது. மேலாளர்கள் நீக்கப்படுவதே அணி மிக மோசமாக இருக்கும் தருணத்தில்தான் என்பதால், அடுத்து வருபவர் யாராக இருந்தாலும் ஓரளவு மீட்சி தெரியவே செய்யும். அந்த மீட்சியில் எவ்வளவு புதியவரின் கைவண்ணம், எவ்வளவு அணி தன் பழைய நிலைக்குத் தானே திரும்பியது என்று பிரித்துப் பார்க்காமல் பேசப்படும் புள்ளிக்கணக்கு எதையும் நிரூபிக்காது.

பிறகு, முடிவுகளைப் பார்ப்பதற்கு முன் ஆட்டங்களின் அட்டவணையைப் பாருங்கள். சோல்ஷேர் தன் முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றார். கேட்பதற்கு மலைப்பாக இருக்கும் இந்த வரிசையில் முதல் ஐந்து எதிரணிகள் கார்டிஃப், ஹடர்ஸ்ஃபீல்டு, போர்ன்மத், நியூகாசில், இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த ரெடிங் ஆகியவை. அந்த சீசனின் இறுதியில் இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீகிலிருந்து கீழிறக்கப்பட்ட மூன்று அணிகளான கார்டிஃப், ஹடர்ஸ்ஃபீல்டு, ஃபுல்ஹம் மூன்றையுமே அவர் இடைக்காலத்தில் வென்றிருந்தார். இதனால் அந்த வெற்றிகள் பொய்யாகிவிடாது. கார்டிஃபில் அடித்த ஐந்து கோல்கள், 2013 மே மாதம் கிளப்பின் நெடுங்கால மேலாளர் சர் அலெக்ஸ் ஃபெர்கூசன் விடைபெற்ற ஆட்டத்துக்குப் பிறகு யுனைடெட் லீகில் ஐந்து கோல் அடித்த முதல் தருணம். ஆனாலும் எளிய அட்டவணைக்கு உரிய கழிவைக் கழித்துவிட்டே மதிப்பிட வேண்டும்.

கடினமான ஆட்டங்களுக்கு வரும்போது, கோல்கள் எப்படி விழுந்தன, எப்படித் தடுக்கப்பட்டன என்று பாருங்கள். நமக்கு விருப்பமான வெற்றிகளைத்தான் நாம் மிகக் குறைவாக ஆராய்கிறோம் என்பதால், ரசிகர்கள் அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். 2019 ஜனவரியில் வெம்ப்ளியில் டோட்டனமை 1-0 என்று வென்ற ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெஸ்ஸி லிங்கார்டை நடுவிலும் மார்கஸ் ராஷ்ஃபோர்டையும் அந்தோணி மார்சியலையும் ஓரங்களிலும் நிறுத்தி, பந்து பறிபோன நொடியில் எதிரணியின் பின்புறம் பாய வைத்தது சோல்ஷேரின் சொந்தத் திட்டம். போல் போக்பா அனுப்பிய நீண்ட பந்தில் ராஷ்ஃபோர்ட் அடித்த கோல் அந்தத் திட்டத்தின் நேரடி விளைவு. அதற்கான பெருமை முழுவதும் மேலாளருக்கே. ஆனால் இரண்டாம் பாதியில் டோட்டனம் அலையலையாகத் தாக்கியபோது அணியைக் காப்பாற்றியது கோல்கீப்பர் டேவிட் டி ஹெயா. அந்த ஆட்டத்தில் அவர் 11 முறை பந்தைத் தடுத்தார். ஒரே வெற்றிக்குள் மேலாளரின் சிந்தனையும் கோல்கீப்பரின் தனித்திறனும் கலந்திருக்கின்றன. அடுத்த ஆட்டத்துக்கும் கூட வருவது இவற்றில் எது என்று கேட்டுப் பழகுங்கள்.

பாரிஸில் 2019 மார்ச் 6 அன்று நடந்தது இன்னும் கூர்மையான பாடம். ஐரோப்பிய கிளப்புகளின் முதன்மைப் போட்டியான சாம்பியன்ஸ் லீகில், பாரிஸ் சான் ஜெர்மைனிடம் முதல் ஆட்டத்தில் சொந்த மண்ணில் 0-2 என்று தோற்ற பிறகு, போக்பாவுக்குத் தடை, காயம்பட்டோர் பலர் என்ற நிலையில், யுனைடெட் பாரிஸ் சென்று 3-1 என்று வென்று, இரு ஆட்டங்களும் சேர்ந்து 3-3 என்று சமனானதால், அந்நிய மண்ணில் அடித்த கோல்களின் கணக்கில் முன்னேறியது. அன்றிரவு அதைப் பார்த்த எந்த யுனைடெட் ரசிகரும் வாழ்நாளில் அதை மறக்கமாட்டார், மறக்கவும் கூடாது. ஆனால் அந்த மூன்று கோல்களையும் வரிசையாக நினைத்துப் பாருங்கள். முதலாவது, பாரிஸ் வீரர் டிலோ கேரர் பின்னோக்கித் தவறாகத் தட்டிய பந்தை ரொமேலு லுக்காக்கு கவர்ந்து அடித்தது. இரண்டாவது, ராஷ்ஃபோர்ட் அடித்த பந்தை பாரிஸ் கோல்கீப்பர் ஜியான்லூயிஜி புஃபோன் கைநழுவவிட, லுக்காக்கு முடித்தது. மூன்றாவது, ஆட்டம் முடியும் தறுவாயில் காணொளி நடுவர் வழியாகக் கிடைத்த பெனால்டி. வீரர்கள் கடைசி வரை நம்பிக்கை இழக்காமல் ஆடியதற்கு மேலாளருக்கு நன்றி சொல்லலாம். ஆனால் எதிரணியின் இரண்டு பிழைகளும் ஒரு பெனால்டியும் சேர்ந்த இரவு, திரும்பச் செய்து காட்டக்கூடிய ஒரு முறைக்குச் சான்றாகாது. அந்த இரவின் சூடு தணிவதற்குள், யுனைடெட்டின் முன்னாள் வீரரும் தொலைக்காட்சி வர்ணனையாளருமான ரியோ ஃபெர்டினாண்டு, உடனே ஒப்பந்தத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குங்கள் என்ற பொருளில் பேசினார். லட்சக்கணக்கான ரசிகர்களின் மனமும் அப்போது அதையேதான் சொன்னது.

ஆனால் அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் அணி தோற்றது: லீகில் ஆர்சனலிடம் 0-2, எஃப்.ஏ. கோப்பைக் காலிறுதியில் வுல்வ்ஸிடம் 1-2. தோல்விகளை இப்படி அடுத்தடுத்து வைத்துப் படிப்பதே எடைபோடுவதில் மிகக் கடினமான, மிகப் பயனுள்ள படி. வுல்வ்ஸ் பின்னால் ஒடுங்கி நின்று, யுனைடெட்டிடம் பந்தை விட்டுவிட்டு, தக்க நேரத்தில் பாய்ந்தது. பின்புறம் வெற்றிடம் விடாத அணியை எப்படி உடைப்பது என்பதற்கு சோல்ஷேரின் அணியிடம் அன்று விடை இல்லை. அதே ஆடுகளத்தில் ஏப்ரல் 2 அன்று லீக் ஆட்டத்திலும் அதே 1-2. ஓர் எதிரணி இரண்டு முறை ஒரே வழியில் வென்றால் அது தற்செயலாக இருக்க வாய்ப்புக் குறைவு. அவர் மேலாளராக இருந்த காலம் முழுவதும் இந்தக் குறை தொடர்ந்தது என்பதே என் கணிப்பு. பந்தைத் தாங்களே வைத்திருக்க விரும்பிய மான்செஸ்டர் சிட்டியை அவர்கள் மண்ணிலேயே 2019 டிசம்பர், 2020 ஜனவரி, 2021 மார்ச் என மூன்று முறை வென்ற அதே மேலாளர், ஒடுங்கி ஆடிய எளிய அணிகளிடம் திணறினார்.

இப்போது முடிவெடுக்கும் நாளைப் பற்றி. இதுதான் இந்த விவாதத்தின் உயிர்நாடி என்று கருதுகிறேன். 2019 மார்ச் 28 அன்று, 19 ஆட்டங்களில் 14 வெற்றி, 2 சமன், 3 தோல்வி என்ற நிலையில், கிளப் சோல்ஷேருக்கு மூன்று ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது. லீகில் மட்டும் 13 ஆட்டங்களில் 32 புள்ளிகள். அதன்பின் எஞ்சியிருந்த 8 லீக் ஆட்டங்களில் கிடைத்தவை 8 புள்ளிகள். எவர்டனிடம் 0-4 என்ற தோல்வியும், சாம்பியன்ஸ் லீகில் பார்சிலோனாவிடம் இரண்டு தோல்விகளும் அந்த வாரங்களிலேயே வந்தன. அட்டவணை ஓர் அரிய வாய்ப்பையும் தந்தது: அவர் தொடக்கத்தில் 5-1, 3-1 என்று வென்ற கார்டிஃபும் ஹடர்ஸ்ஃபீல்டுமே சீசனின் கடைசி இரண்டு எதிரணிகள். ஹடர்ஸ்ஃபீல்டுடன் 1-1 சமன்; கார்டிஃபிடம் சொந்த மண்ணில் 0-2 தோல்வி. 66 புள்ளிகளுடன் ஆறாவது இடத்தில், அதாவது மொரீனியோ விட்டுச்சென்ற அதே இடத்தில், அணி சீசனை முடித்தது. மே மாதம் வரை காத்திருந்தால் கிளப்பின் கையில் இருந்திருக்கக்கூடிய இந்தத் தகவல் முழுவதும், மார்ச்சில் கையெழுத்திட்டதால் பயனற்றுப் போனது.

இதற்கு எதிர்வாதம் இல்லாமல் இல்லை, அதையும் நேர்மையாக முன்வைக்க வேண்டும். கோடைக்கால வீரர் வணிகத்துக்கு யார் மேலாளர் என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும். ஒப்பந்தம் முடியவிருக்கும் வீரர்கள் அதைக் கேட்பார்கள். ரசிகர்கள் பலர் விரும்பிய மவுரிசியோ பொச்சட்டினோ அப்போது டோட்டனமின் மேலாளராக ஒப்பந்தத்தில் இருந்தார். உங்கள் கிளப்பில் விவாதம் நடக்கும்போது ‘இவர் வேண்டாம்’ என்பவர், பிறகு யார், அவர் கிடைப்பாரா என்று சொல்லக் கடமைப்பட்டவர். சோல்ஷேர் அடுத்த இரு சீசன்களில் மூன்றாமிடமும் இரண்டாமிடமும் பிடித்தார். 2021 மே மாதம் ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக் இறுதியில் வில்யாரியலிடம் பெனால்டிகளில் 11-10 என்று தோற்றார். ஆகவே அவரைத் தேர்ந்ததே பெரும் பிழை என்று நான் சொல்லமாட்டேன். எடுத்தோம் கவிழ்த்தோம் என்று மார்ச்சில் தேர்ந்த விதம்தான் பிழை.

காத்திருந்து தேர்ந்ததற்குப் பேயர்ன் மியூனிக் நல்ல எடுத்துக்காட்டு. 2019 நவம்பரில் நிகோ கோவாச் விலகியபின் பொறுப்பேற்ற ஹான்சி ஃபிளிக், டோர்ட்முண்டை 4-0 என்று வென்றார். ஆனால் விரைவிலேயே லெவர்குசனிடமும் மோன்ஷன்கிளாட்பாக்கிடமும் அடுத்தடுத்த லீக் ஆட்டங்களில் 1-2 என்று தோற்றார். அத்தோல்விகளிலும் அணி தாக்கி ஆடியதை நிர்வாகம் கவனித்தது. டிசம்பரில் சீசன் முடியும் வரை என்று நீட்டித்தது. 2023 வரையிலான ஒப்பந்தத்தை 2020 ஏப்ரலில்தான் கொடுத்தது. அவ்வாண்டு ஆகஸ்டுக்குள் லீக், ஜெர்மன் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றும் கைக்கு வந்தன.

கோப்பையையே சான்றாகக் கொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு, செல்சியின் ராபர்ட்டோ டி மத்தேயோவை நினைவூட்டுங்கள். 2012 மார்ச்சில் இடைக்காலமாக வந்து, மே மாதத்துக்குள் எஃப்.ஏ. கோப்பையையும் கிளப்பின் முதல் சாம்பியன்ஸ் லீகையும் வென்றவர். மியூனிக் நகரில் பேயர்னுக்கு எதிராக நடந்த இறுதியாட்டத்தில் 88-வது நிமிடத்தில் டிடியே ட்ரோக்பா தலையால் முட்டி அடித்த கோலும், கூடுதல் நேரத்தில் ஆரியன் ராபனின் பெனால்டியை செல்சி கோல்கீப்பர் பெட்டர் செக் தடுத்ததும் அந்தக் கோப்பையைத் தாங்கி நின்றன; லீகில் அணி ஆறாவது. இரண்டு ஆண்டு ஒப்பந்தம் பெற்றவர் அதே ஆண்டு நவம்பரில் நீக்கப்பட்டார். அவர் வென்றதை யாரும் பறிக்க முடியாது. ஆனால் அது முடிந்த வேலைக்கான பரிசு. அடுத்த வேலைக்கான தகுதி தனியே ஆராயப்பட வேண்டியது.

விவாதிக்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1999-இல் பார்சிலோனா நகரில் நடந்த இறுதியாட்டத்தில், 90 நிமிடங்களுக்குப் பின் சேர்க்கப்பட்ட நிமிடங்களில், அப்போது வீரராக இருந்த சோல்ஷேர் அடித்த கோல் யுனைடெட்டுக்கு சாம்பியன்ஸ் லீகைத் தந்தது. அவர்மேல் உள்ள அன்பு அதிலிருந்து பிறந்தது, அது தூய்மையானது. ஆனால் அவருக்கு நிரந்தரப் பதவி வேண்டாம் என்பவரைக் கிளப்பின் துரோகி என்பது அநியாயம். விவாதம் தொடங்கும்போதே, என்ன நடந்தால் தன் கருத்தை மாற்றிக்கொள்வேன் என்று இரு தரப்பும் எழுதிவைப்பது நல்லது: ஒடுங்கி நிற்கும் அணிகளை வெல்ல வேண்டும், இளைஞர்களுக்கு வாய்ப்பு வேண்டும், முதல் நான்கு இடங்களுக்குள் முடிக்க வேண்டும் என்பதுபோல. முன்பே எழுதிய அளவுகோல், ஒரு வெற்றி இரவில் வளையாது.

நிரந்தரமாக்கத்தான் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தால், ஒப்பந்தத்தின் காலத்தையும் கேளுங்கள். சோல்ஷேருக்கு 2021 ஜூலையில் 2024 வரை ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. அக்டோபரில் லிவர்பூலிடம் 0-5, நவம்பரில் வாட்ஃபோர்டிடம் 1-4 என்று தோற்றபின், நவம்பர் 21 அன்று அவர் நீக்கப்பட்டார். அவரிடத்தில் மூன்று ஆட்டங்களைக் கவனித்த மைக்கேல் கேரிக், இரண்டை வென்று ஒன்றில் சமன் செய்துவிட்டு, தானாக விலகிக்கொண்டார். ஓராண்டு ஒப்பந்தமும், இலக்கை எட்டினால் மேலும் ஓராண்டும் என்ற ஏற்பாட்டை ஒரு கிளப் முன்வைக்குமானால், அதை அவநம்பிக்கை என்று கொள்ளாமல் ரசிகர்கள் ஆதரிக்கலாம்.