பள்ளிக் கணினி அறையில் மூடுல்: கேள்வி வங்கியிலிருந்து தொடங்குங்கள்

பாடங்களையும் தேர்வுகளையும் கணினி வழியே நடத்த உதவும் மென்பொருளான மூடுலை நிறுவி, நாலு பிடிஎஃப் ஏற்றி, அதோடு விட்டுவிடும் பள்ளிகள் நிறைய. பிடிஎஃப் அனுப்ப வாட்ஸ்அப்பே போதுமே, அதற்கு ஒரு சர்வர் எதற்கு? பாடத்தில் எந்த இடம் பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்பதை ஒரு சின்னத் தேர்வில் காட்டிவிடுவதுதான் மூடுலின் பலம். அதைக் குறிவைத்தே ஆரம்பியுங்கள், ஒரு வகுப்பு, ஒரு பாடம் போதும்.

2002-இல் ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் டூகியாமஸ் வெளியிட்டது இது. ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமம் என்பதால் மாணவர் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் கிடையாது, இணையமும் கட்டாயமில்லை. ஆய்வகத்தில் இருப்பதிலேயே நல்ல கணினியில் உபுண்டு (லினக்ஸ் இயங்குதளம்) போட்டு, அப்பாச்சி (வெப் சர்வர்), பிஎச்பி (நிரல்மொழி), மரியாடிபி (தரவுத்தளம்) நிறுவி, அதன்மேல் மூடுலை ஏற்றினால் அதுவே உங்கள் சர்வர், மற்ற கணினிகள் பிரவுசர் வழியாக உள்ளே வந்துவிடும். அந்த ஒரு கணினியின் ஐபி முகவரியை மட்டும் ரவுட்டரில் நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். மூடுல் தன் முகவரியை கான்ஃபிக் கோப்பில் வைத்திருக்கிறது, கரண்ட் போய் வந்த பிறகு ரவுட்டர் வேறு எண் கொடுத்துவிட்டால் தளம் திறக்காது.

அடுத்து மாணவர் கணக்குகள். ஒவ்வொன்றாகத் தட்டாதீர்கள், சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த பட்டியல்) மொத்தமாக ஏற்றலாம். பயனர்பெயருக்குச் சேர்க்கை எண் வசதி. கோப்பைச் சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்ற யூனிகோடு குறியீட்டு முறையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். பிள்ளைகளுக்கு மின்னஞ்சல் இருக்காது, மூடுலோ கேட்கும். சேர்க்கை எண்ணை வைத்து, 'டாட் இன்வேலிட்' (.invalid) என்று முடியும் ஒரு பொய் முகவரி கொடுத்துவிடுங்கள், அப்படி முடியும் முகவரிகளுக்கு மூடுல் அஞ்சல் அனுப்பாது.

இப்போது கேள்வி வங்கி, அதாவது தேர்வுகளுக்காக மூடுலில் சேர்த்து வைக்கும் கேள்விகள். உங்களிடம் பழைய வினாத்தாள்கள் குவிந்திருக்கும், ஆனால் வானவில், பாமினி எழுத்துருக்களில் அடித்தவை அப்படியே ஏறாது, என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் யூனிகோடாக மாற்றிக்கொள்ளுங்கள். அப்புறம் நோட்பேடில் எய்க்கன் (Aiken) என்ற எளிய உரை வடிவத்தில் எழுதினால் ஒரே ஏற்றலில் எத்தனை கேள்வி வேண்டுமானாலும் உள்ளே போகும். கேள்வி முழுதும் ஒரே வரியில்: 'தாவரங்கள் எப்போது சுவாசிக்கின்றன?' கீழே ஒவ்வொரு வரியிலும் ஒரு விடை: பகலில் மட்டும், இரவில் மட்டும், எப்போதும். நம் பாடநூல் வழக்கப்படி அ, ஆ, இ என்று போட்டால் ஏற்காது. A, B, C என ஆங்கிலப் பெரிய எழுத்தும், அதையடுத்து ஒரு புள்ளியோ மூடும் அடைப்புக்குறியோ கட்டாயம். கடைசி வரியில் ஆன்சர் என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் (ANSWER) எழுதி, முக்காற்புள்ளி, ஓர் இடைவெளி, சரியான எழுத்து. இந்தக் கோப்பும் யுடிஎஃப்-8 தான்.

முதல் சில வாரங்கள் தேர்ந்தெடுக்கும் கேள்விகளே போதும். தட்டச்சு செய்யும் குறுவிடைக் கேள்வியில் 'ஒளிச்சேர்க்கை'யில் ஒரு ஒற்று விட்டாலும் பூஜ்யம் விழும், தமிழ்த் தட்டச்சே பழகாத பிள்ளைக்கு அது அநியாயம்.

தேர்வு நடக்கும்போது மூடுல் நிமிடத்துக்கு ஒருமுறை விடைகளைத் தானாகச் சேமிக்கும், அதனால் ஒரு கணினி அணைந்தாலும் வேறொன்றில் நுழைந்து தொடரலாம். சர்வருக்கு மட்டும் யுபிஎஸ் இருக்கட்டும்.

முடிந்ததும் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள், தேர்வின் அறிக்கைகளில் புள்ளிவிவரம் என்ற பகுதியைத் திறங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை சதவீதம் சரி, தவறியவர்கள் எந்த விடைக்குப் போனார்கள் என்பது அங்கே இருக்கும். பாதி வகுப்பு 'இரவில் மட்டும்' என்று போட்டிருந்தால், ஒளிச்சேர்க்கையையும் சுவாசத்தையும் பிள்ளைகள் போட்டுக் குழப்பிக்கொண்டார்கள் என்று அர்த்தம், மறுநாள் வகுப்பை அங்கிருந்து தொடங்கலாம். நூறு விடைத்தாள் திருத்தியும் சட்டென்று பிடிபடாத விஷயம் இது, எனக்கு மூடுலில் மிகப் பிடித்த பக்கமும் இதுதான்.

வாரம் ஒருமுறை தரவுத்தளத்தையும், ஏற்றிய கோப்புகள் இருக்கும் மூடுல்டேட்டா ஃபோல்டரையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுங்கள், இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் தளத்தை முழுதாக மீட்க முடியாது. நிர்வாகி கடவுச்சொல் குறைந்தது இரண்டு ஆசிரியர்களுக்காவது தெரிந்திருக்க வேண்டும், ஒருவர் மாறுதலில் போனாலும் இன்னொருவர் தொடரலாம்.