கண்ணாடி நியூரான் பற்றிப் பேசக் கிளம்புகிறவர்களுக்கு

போன மாதம் ஓர் ஆசிரியர் பயிற்சி முகாமில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் பேசிய தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். "பக்கத்துல ஒருத்தர் கொட்டாவி விட்டா நமக்கும் வருதா இல்லையா? அதுதான் மிரர் நியூரான்!" என்றார். நல்ல கைதட்டல். பன்னிரண்டு வருடத்துக்கு முன் இதே வசனத்துக்கு நானும் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

நியூரானையும் நரம்பையும் ஒன்றாக்குவது, இத்தாலியப் பெயர்களைக் கடித்துக் குதறுவது எல்லாம் நாளடைவில் தானே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். கண்ணாடி நியூரான் (மிரர் நியூரான்) பற்றி மேடையில் நாம் செய்யும் பெரிய பிழைகளை மட்டும் சொல்கிறேன்.

குரங்கை மறந்துவிடுவது

இத்தாலியின் பார்மா நகரத்தில் ஜாக்கோமோ ரிசோலாட்டி குழுவினர் மக்காக் குரங்குகளின் மூளையில், எஃப்5 என்ற பகுதியில், மின்முனை செருகிப் பதிவு செய்தார்கள். குரங்கு தானே ஒரு பொருளை எடுத்தாலும், வேறொருவர் எடுப்பதைப் பார்த்தாலும் சில நியூரான்கள், அதாவது மூளைச் செல்கள், துடித்தன. இவற்றுக்குத்தான் கண்ணாடி நியூரான் என்று பெயர். 1996இல் அவர்கள் வெளியிட்ட கணக்கில் 532 நியூரான்களில் 92 அப்படிப்பட்டவை. பொருளே இல்லாமல் வெறுங்கையால் எடுப்பதுபோல் அபிநயித்தால் அவை பொதுவாக அசையவில்லை. இந்தக் கடைசி விவரத்தை மேடையில் யாரும் சொல்வதில்லை. சொன்னால் பேச்சில் பாதி படுத்துவிடும்.

மனிதர்களிடம் நாம் பெரும்பாலும் பார்ப்பது எம்ஆர்ஐ படம். அதில் ஒரு புள்ளி என்பது லட்சக்கணக்கான நியூரான்கள். தனித்தனி நியூரானாகப் பதிந்த ஆய்வு 2010இல் வந்தது: 21 வலிப்பு நோயாளிகள், 1177 நியூரான்கள். அங்கேயும் மின்முனைகளுக்கு இடம் குறித்தது நோயாளியின் சிகிச்சைத் தேவைதான். அதனால் எஃப்5க்கு இணையான பகுதி அதில் இல்லை.

உடைந்த கண்ணாடி

இதை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கே எரிச்சல் வரும்.

ஒரு கூட்டம் முடிந்து ஓர் அம்மா வந்து நின்றார். ஆறு வயது மகனுக்கு ஆட்டிசம். நான் கேட்காமலே விளக்கம் கொடுத்தேன்: "அவனுக்கு மிரர் நியூரான் சரியா வேலை செய்யாதும்மா. அதனாலதான் அடுத்தவங்க வருத்தம் அவனுக்குப் புரியாது." அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் அழுதா காதைப் பொத்திக்கிட்டு ரூமை விட்டு ஓடிருவான் சார். அப்புறம் மெதுவா வந்து என் முந்தானை நுனியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். அது புரியாம செய்யறதா?" என்றார். "அது வெறும் பழக்கம்மா" என்றேன். சொன்னேன், சத்தியமாக.

என் பேச்சை நம்பி ஒரு பயிற்சி மையத்தில் சேர்த்துவிட்டார். ஏழு மாதம், பையனைக் கண்ணாடி முன் உட்காரவைத்துச் சிரிப்பையும் அழுகையையும் முகத்தில் வரவழைக்கப் பழக்கினார்களாம். காசு போனது ஒருபக்கம். பையன் அதன்பிறகு குளியலறைக் கண்ணாடியைப் பார்த்தாலே அலறினான் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

இந்தக் கருத்து எங்கிருந்து வந்தது? 2005இல் தலைமேல் மின்முனை ஒட்டி மூளை அலைகளைப் பதியும் ஓர் ஈஈஜி ஆய்வு. ஆட்டிசம் உள்ளவர்கள் பத்தே பேர். அடுத்த வருடம் வி. எஸ். ராமச்சந்திரனும் லிண்ட்சே ஓபர்மனும் 'உடைந்த கண்ணாடிகள்' என்று தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். உயிரியலுக்கு டிஎன்ஏ செய்ததை உளவியலுக்குக் கண்ணாடி நியூரான்கள் செய்யும் என்று 2000இலேயே ஆரூடம் சொன்னவர் ராமச்சந்திரன். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர், நம்ம ஊர்க்காரர். அந்தப் பெருமையில் நான் மறுபேச்சுப் பேசாமல் விழுங்கிவிட்டேன். கோளாறு அவரிடம் இல்லை. அவர் கருதுகோளாகச் சொன்னதை நான் தீர்ப்பாகச் சொல்லித் திரிந்தேன்.

பின்னால் வந்த சோதனைகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. அவற்றை 2013இல் தொகுத்துப் பார்த்த அன்டோனியா ஹாமில்டன், ஆட்டிசத்தில் கண்ணாடி அமைப்பு ஒட்டுமொத்தமாகப் பழுதாகியிருக்கிறது என்பதற்கு ஆதாரம் மிகக் குறைவு என்றார். பரிவின் கதையே வேறு. அன்புக்குரியவருக்கு வலிப்பதை அறியும்போது நம் மூளையில் கிளர்வது முக்கியமாக முன்புற இன்சுலா, சிங்குலேட் புறணி என்ற பகுதிகள் என்று 2004இல் டானியா சிங்கர் காட்டினார். கண்ணாடி நியூரான் கண்டெடுக்கப்பட்ட இடம் அதுவல்ல. தன் உணர்ச்சி இன்னதென்று தனக்கே பிரித்துச் சொல்ல வராத நிலைக்கு அலெக்ஸிதைமியா என்று பெயர். இன்சுலாவின் கிளர்ச்சி குறைவதற்கும் அதற்கும்தான் தொடர்பு, ஆட்டிசத்தோடு அல்ல என்று 2010இல் இன்னோர் ஆய்வு வந்தது. அந்தப் பையன் காதைப் பொத்திக்கொண்டு ஓடியது, அம்மாவின் அழுகை அவனுக்குத் தாங்க முடியாத அளவுக்கு எட்டியதால்கூட இருக்கலாம். அம்மாவுக்கு அது தெரிந்திருந்தது.

மொழிக்கும் அதுதான் காரணம் என்பது

மக்காக் குரங்குக்கு எஃப்5 இருக்கிறது. பேச்சு இல்லை.

பார்த்தால் போதும், வந்துவிடும் என்பது

ஆசிரியர்களுக்கு மிகவும் பிடித்த பொய். பரோட்டா வீசுவதை இருபது வருடமாக நின்று பார்க்கிறேன். என் கையில் மாவு இன்னும் கிழிகிறது.

2005இல் பாலே ஆடுபவர்களுக்கும், பிரேசிலின் சண்டை நடனமான கப்போயிரா ஆடுபவர்களுக்கும் இரண்டு ஆட்டங்களையும் காட்டி எம்ஆர்ஐ எடுத்தார்கள். அவரவர் பழகிய ஆட்டத்துக்கே மூளை கூடுதலாகக் கிளர்ந்தது. 2007இல் கரோலின் கேட்மர் குழு இன்னும் குறும்பாக ஒன்று செய்தது: திரையில் ஆள்காட்டி விரல் அசைந்தால் நீங்கள் சுண்டு விரலை அசைக்க வேண்டும், சுண்டு விரல் அசைந்தால் ஆள்காட்டி விரலை. பயிற்சிக்குப் பிறகு, சும்மா பார்க்கும்போதே மாற்று விரலின் தசை தயாரானது. கண்ணாடியையே தலைகீழாகத் திருப்பிவிட்டார்கள்! கண்ணாடித்தன்மை பிறவியிலேயே வந்தது என்றால் இவ்வளவு எளிதில் அது திரும்பியிருக்காது. பழகப் பழக உருவாவது என்று உளவியலாளர் செசிலியா ஹேய்ஸ் சொல்லிவருகிறார். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

ஐஸ்கிரீம் கதை

கண்ணாடி நியூரான் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்று மேடையில் சொல்லும் கதை இது: ஆய்வாளர் ஐஸ்கிரீமோடு உள்ளே வந்தாராம், குரங்கின் மூளை துடித்ததாம். பார்மா குழு முதன்முதலில் இதை வெளியிட்ட 1992ஆம் வருடக் கட்டுரையில் ஐஸ்கிரீம் கிடையாது. உணவுத் துண்டை எடுத்து வைக்கும் ஒரு கைதான் இருக்கிறது.