தக்காளித் துண்டுக்குள் வெளிச்சம் பாய்ச்சிப் படமெடுப்பது எப்படி?

ராயக்கோட்டை, பாலக்கோடு மார்க்கெட்டுகளில் பெட்டி பெட்டியாக இறங்கும் தக்காளியில் ஒன்றை எடுத்து மெல்லியதாக நறுக்குங்கள். ஒரு கண்ணாடி மேல் வைத்து, கீழேயிருந்து விளக்கைப் போட்டுப் பாருங்கள். விதையைச் சுற்றியுள்ள வழவழப்பான பகுதி பொன்னிறமாக ஒளிரும், நரம்புகள் தனித்தனியாகத் தெரியும். படமெடுக்கப் பழகுபவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை என்பது என் கருத்து.

கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு மாம்பழத்தை விட்டுவிட்டுத் தக்காளியா என்று கேட்பீர்கள். மாம்பழச் சதை அடர்த்தியானது. உள்ளே போகும் ஒளி அங்கேயே சிதறி மங்கிவிடும். காயாக இருக்கும் கிளிமூக்கு மாங்காயைத் தோல் சீவியால் 1 மி.மீ. கனத்துக்குச் சீவினால் பால்நிறத்தில் கொஞ்சம் ஒளிரும், அவ்வளவுதான். சாறு நிறைந்த தக்காளி, சாத்துக்குடி, ஆரஞ்சு, எலுமிச்சை ஆகியவற்றில் தொடங்குங்கள். கொய்யா வேண்டாம்.

நறுக்குதல்

கெட்டியான பழமாக எடுத்து அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். கூரான கத்தியால் குறுக்கே, 2 முதல் 3 மி.மீ. கனத்தில், ஒரே இழுப்பாக நறுக்க வேண்டும். மழுங்கிய கத்தி சாற்றுப் பைகளை உடைத்துவிடும். சாத்துக்குடியில் விதைகளை ஊசியால் எடுத்துவிடுங்கள், வெளிச்சத்தில் அவை கறுப்புப் புள்ளிகளாக நிற்கும். மேலே வழியும் சாற்றை டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

மேடை

இரண்டு ஸ்டூல்களுக்கு நடுவே ஒரு சாதாரணக் கண்ணாடி போதும். கடையில் வெட்டும்போதே ஓரம் தேய்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் கை கிழியும். வெளிச்சம் சீராகப் பரவ, கண்ணாடிக்கு 10 செ.மீ. கீழே டிரேசிங் பேப்பரை டேப் போட்டு விறைப்பாக ஒட்டுங்கள். கண்ணாடியோடு சேர்த்து ஒட்டினால் பேப்பரின் நார் படத்தில் தெரியும். அதற்கும் கீழே, தரையில், மேல்நோக்கிய எல்இடி விளக்கு. பழைய குண்டு பல்பு வேண்டாம், அதன் சூட்டில் துண்டு சீக்கிரம் காய்ந்து சுருளும். விளக்கு வாங்கும்போது அட்டையில் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்பதன் அளவு) 90-க்கு மேல் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மலிவான எல்இடிகளில் அடர் சிவப்பு குறைவாக இருக்கும், தக்காளி செங்கல் நிறத்துக்குப் போய்விடும்.

பழம் வைக்கும் முன் வெறும் கண்ணாடியை ஒரு படம் எடுங்கள். நடுவில் மட்டும் பளிச்சென்று இருந்தால் விளக்குக்கும் டிரேசிங் பேப்பருக்கும் இடைவெளி கூடும்படி மேடையை இன்னும் உயர்த்த வேண்டும். வொயிட் பேலன்ஸையும் (வெள்ளை வெள்ளையாகவே தெரியச் செய்யும் அமைப்பு) இந்த வெள்ளையைக் காட்டியே அமைத்துக்கொள்ளுங்கள்.

வேண்டாத வெளிச்சத்தை அடைத்தல்

இதுதான் முக்கியமான படி. பழத்துக்குள் புகுந்து வரும் ஒளி கொஞ்சம்தான். சுற்றிலும் தடையில்லாமல் மேலே வரும் ஒளி அதைவிடப் பல மடங்கு. அது நேராக லென்ஸில் விழுந்தால் நிறமெல்லாம் வெளிறி, படம் புகைபடிந்தது போல ஆகிவிடும். ஆகவே கறுப்பு சார்ட் பேப்பரில் துண்டின் அளவுக்கு வட்டம் வரைந்து, அதற்கு 1 மி.மீ. உள்ளே வெட்டுங்கள். ஓட்டை போட்ட அந்தத் தாளைக் கண்ணாடியின் அடிப்பக்கம் ஒட்டி, ஓட்டைக்கு நேர் மேலே துண்டை வையுங்கள். இருட்டிலிருந்து பழம் மட்டும் எழுந்து நிற்கும். வெள்ளைப் பின்னணிதான் பிடிக்கும் என்றால், கேமரா பார்க்கும் பகுதியை மட்டும் விட்டு மீதிக் கண்ணாடியைக் கறுப்புத் தாளால் மூடுங்கள்.

துண்டை வைக்கும் முன் கண்ணாடியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஒரு ஓரத்திலிருந்து மெதுவாகப் படியவிடுங்கள். அடியில் காற்று சிக்கினால் குமிழிகள் வளையம் வளையமாகத் தெரியும், பிறகு மென்பொருளால் அதைச் சுத்தமாக அழிப்பது கஷ்டம்.

படமெடுத்தல்

அறை விளக்கையும் ஃபேனையும் அணைத்துவிடுங்கள். கேமராவை டிரைபாடில் மாட்டி, லென்ஸ் நேர் கீழே பார்க்கும்படி, கண்ணாடிக்கு இணையாக வையுங்கள். இவ்வளவு நெருக்கத்தில் லேசாகச் சாய்ந்தாலும் ஒரு பக்கம் மங்கிவிடும். லென்ஸின் துளை எஃப் 8, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 100, கை பட்டு ஆடாமல் இருக்க 2 விநாடி டைமர். ஷட்டர் 1/50 விநாடி அல்லது அதற்கும் மெதுவாக இருக்கட்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில எல்இடிகள் விநாடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டர் வேகமாக இருந்தால் படத்தில் பட்டை பட்டையாக விழும்.

கேமரா தானாகப் போடும் வெளிச்சக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். வெள்ளைப் பின்னணியைப் பார்த்தால் அது படத்தை இருட்டாக்கும், எக்ஸ்போஷரை (படத்தில் விழும் ஒளியின் அளவை) 1 முதல் 2 ஸ்டாப் கூட்டுங்கள்; ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு. கறுப்புப் பின்னணியில் நேர்மாறு, ஒரு ஸ்டாப் குறையுங்கள். செல்போன் என்றால் விதை மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸை லாக் செய்து, அப்புறம் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம்.

தோல் ஓரம் ரொம்பக் கறுத்துத் தெரிந்தால் கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையைச் சாய்த்துப் பிடியுங்கள். அடியிலிருந்து கசியும் ஒளியே அதில் பட்டுத் திரும்பி, தோலின் நிறத்தைக் காட்டும். துண்டு பத்துப் பதினைந்து நிமிடத்தில் வாட ஆரம்பிக்கும். முதல் துண்டை ஃபோகஸும் எக்ஸ்போஷரும் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொண்டு, எல்லாம் சரியான பிறகு புதுத் துண்டை நறுக்கி அதே இடத்தில் வையுங்கள்.